கணினி அறையா, ஆளுக்கொரு போனா? வன்னிச் சங்கங்களுக்கு ஒரு ஒப்பீடு

மாற்றுத்திறனாளிகளுக்கென்று வெளிநாட்டு ஊர்ச் சங்கம் கொஞ்சக் காசு அனுப்பப்போகிறது என்று செய்தி வந்தால், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முதலில் எழுகிற யோசனை அநேகமாக ஒன்றுதான்: கணினி அறை. பொதுநோக்கு மண்டபத்தின் ஒரு மூலையைத் தடுத்து, ஐந்தாறு கணினி வைத்து, சுவரில் அன்பளிப்புச் செய்தவர்களின் பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அறைக்கு நாடா வெட்டலாம். போனுக்கு நாடா கட்டுவது கஷ்டம். காசு கொடுப்பவர் கண்ணால் காணக்கூடிய ஒன்றைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் படத்துக்கு நன்றாக விழுகிற பொருளும் அங்கத்தவருக்கு நாளாந்தம் உதவுகிற பொருளும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

சரி, ஒரு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் கையில் ஆறு இலட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கத்தவர்கள் முப்பது நாற்பது பேர். கண் தெரியாதவர்கள், கையோ காலோ இழந்தவர்கள், முள்ளந்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், காது கேளாதவர்கள் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். செலவழிக்க நாலு வழி தெரிகிறது. சங்கக் கட்டடத்தில் கணினி அறை. தேவையானவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்மார்ட் போன். படிக்கிற, வேலை தேடுகிற ஒருசிலருக்கு லப்டொப். இல்லையென்றால் கருவியே வாங்காமல், படிவம் நிரப்பவும் பில் கட்டவும் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைப்பது. என் விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும் பங்கு போனுக்கு, அதற்கு அடுத்த பங்கு பழக்குகிற ஆளுக்கு, அறைக்கு ஒரு சதமும் வேண்டாம். காரணங்களைப் பார்ப்போம்.

எதை வைத்து அளப்பது

விலையை வைத்து அளந்தால் கடைசி வழிதான் வெல்லும். ஓர் இளைஞனையோ பிள்ளையையோ பிடித்து வைத்தால் முப்பது பேருக்கும் வேலை நடக்கும். அதனால் நான் வேறு ஒரு கேள்வியை வைத்து அளக்கிறேன். வங்கியிலிருந்து ஆறு இலக்க ஓ.டி.பி. (ஒரு தரம் மட்டும் பாவிக்கிற இரகசிய எண்) குறுஞ்செய்தியாக வருகிறது; அதை வாசிப்பது யார்?

கண் தெரியாத ஓர் அக்காவின் போனை இப்போது பக்கத்து வீட்டுப் பெடியன்தான் பார்த்துக் கொடுக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். கணக்கில் எவ்வளவு கிடக்கிறது, பிரான்ஸிலிருந்து தம்பி எப்போது எவ்வளவு போட்டான், எந்த கிளினிக்குக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள், சகோதரியோடு என்ன சண்டை, எல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டால் அன்றோடு அக்காவின் வங்கியும் மூடிவிடும். 2022 யூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது, மூன்று சில்லு மோட்டார் சைக்கிளில் ஓடித்திரிந்த கால் இழந்தவர்கள்கூட முதலில் கொமினிகேசன் கடை வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. ஸ்மார்ட் போனும் பழக்கமும் இருந்தவர் வீட்டிலிருந்தே பதிந்தார். இல்லாதவர் அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் யாரோ ஒருவரிடம் ஒப்புவித்தார்.

எனவே என் அளவுகோல் இதுதான்: காசு செலவான பிறகு, அந்த ஓ.டி.பி.யைத் தானாகவே வாசிக்கக்கூடியவர்கள் சங்கத்தில் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள்?

கணினி அறை

இந்த அளவுகோலில் கணினி அறை உடனே தோற்றுவிடுகிறது. ஓ.டி.பி. இரவு எட்டு மணிக்கு வீட்டில் வரும். அறை சனிக்கிழமை காலையில்தான் திறக்கும். திறப்பு யாரிடம் என்பது தனிக் கதை.

தூரத்தையும் பாருங்கள். வன்னியில் குடியிருப்புகள் பரந்து கிடக்கின்றன. துணுக்காய்ப் பக்கத்து உள்வீதியிலிருந்தோ முழங்காவிலிலிருந்தோ பட்டினத்துக்கு வருவதென்றால் பஸ்தான், அந்தப் பஸ்ஸின் படியோ சக்கர நாற்காலிக்கானது இல்லை. ஓட்டோ பிடித்தால் ஒரு நாள் வகுப்புக்கு ஆகிற கூலியில் ஒரு மாதத்து டேட்டா போடலாம். கார்த்திகை, மார்கழி மழைக்குக் கிரவல் வீதிகள் கரைந்தபின் அதுவும் இல்லை. அறையை எந்தக் கிராமத்தில் வைத்தாலும் அது அந்தக் கிராமத்தாருக்கே உதவும்.

கணினிகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் முக்கியம். பல தடவைகளில் அவை வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பெட்டிகள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அந்தப் பழைய பெட்டிகளில் நிறைய விண்டோஸ் 11 ஏற இடம் கொடாது. அப்படியானதை வாங்கிக் குவித்து அதில் வங்கி வேலை பழக்குவது சரியில்லை. மின்சாரமும் இருக்கிறது: 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். போனென்றால் ஒரு பவர் பேங்கில் சமாளிக்கலாம்.

அறைக்கு ஒரு நல்ல பக்கம் இல்லாமலில்லை. வீட்டுக்குள்ளேயே கிடப்பவர்களை வெளியே கொண்டுவரும். நாலு பேர் சேர்ந்து பழகினால் வெட்கம் விடும். ஆனால் அதற்குக் கதிரையும் தேநீரும் ஒரு மாமர நிழலும் போதும். கூடிப் பழகும் வகுப்பை அவரவர் போனை வைத்துக்கொண்டே நடத்தலாம்.

போன்

2009இல் இரண்டு விஷயம் நடந்தன. யூனில் வந்த ஐஃபோன் 3ஜி.எஸ்.ஸில் ஆப்பிள் நிறுவனம் வொய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளை, சேர்த்தது. அதே ஆண்டில் கூகுள், அன்ட்ரொய்டுக்கு டோக்பேக் என்ற திரைவாசிப்பானைக் கொண்டுவந்தது. கண் தெரியாத ஒருவர் தொடுதிரையைத் தடவித் தடவிக் கேட்டு இயக்கலாம் என்பது அந்த வருடம்தான், முதலில் ஐஃபோனில், கடையில் விற்கிற போனுக்கு வந்தது. அதே மாதங்களில் போர் முடிந்து வன்னிச் சனம் செட்டிக்குளத்து முகாம்களில் அடைபட்டிருந்தது. கண்ணை இழந்து புதிதாக இருட்டுக்குள் வந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி எட்டியிருக்க வழியே இல்லை. வருந்தத்தக்கது என்னவென்றால், இத்தனை வருடம் போயும் பலருக்கு அது இன்னும் எட்டவில்லை. கையில் அன்ட்ரொய்ட் போன் இருக்கும், அது பேசும் என்பது தெரியாது.

டோக்பேக்கைத் தனியாக வாங்கத் தேவையில்லை. போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் கிடக்கிறது. சில போன்களில் மட்டும் பிளே ஸ்டோரிலிருந்து இலவசமாக இறக்க வேண்டிவரும். போட்டுவிட்டால் விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதென்று சொல்லும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும். இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். முதல் கிழமை எல்லாருக்கும் எரிச்சல் வரும், ஏனென்றால் பழைய ஒற்றைத் தட்டு இனி வேலை செய்யாது. பார்வை உள்ள வீட்டுக்காரர் போனைத் தூக்கி, "இது பழுதாப் போச்சு" என்று டோக்பேக்கை நிறுத்திவிடுவதும் அந்தக் கிழமையில்தான் நடக்கும். ஆகவே முதல் பாடம் வீட்டுக்காரருக்கு.

தமிழ்க் குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். சில போன்களில் கம்பனியின் சொந்தப் பேச்சு இயந்திரம் முதலில் நிற்கும். அதை மாற்றிக் கூகுளின் பேச்சுச் சேவையைத் தெரிவுசெய்து, தமிழ்க் குரலைத் தரவிறக்கி வைத்துவிட வேண்டும். தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் பேசும். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரக் கிராமங்களில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் இதை மறக்கக்கூடாது. உச்சரிப்பு இந்தியத் தமிழ்தான். எங்கள் ஊர்ப் பெயர்களைச் சிலவேளை கடித்துத் துப்பும். இரண்டு கிழமையில் காது பழகிவிடும்.

கடையில் எதைப் பார்ப்பது? 2 ஜி.பி. நினைவகம் உள்ள மலிவுப் போனில் டோக்பேக் திக்கித் திக்கித்தான் ஓடும், 4 ஜி.பி.க்குக் கீழே இறங்க வேண்டாம். கைரேகைப் பூட்டுத் திறப்பான் பக்கவாட்டுப் பொத்தானிலோ முதுகிலோ இருப்பதாகப் பாருங்கள். திரைக்கு அடியில் இருந்தால் விரலுக்கு அது பிடிபடாது. இயர்போன் குத்துகிற துளை இருந்தால் நல்லது, வயர் இயர்போன் மலிவு. கமெரா எத்தனை மெகாபிக்சல் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார், சொல்லட்டும். வாங்குமுன் கடையிலேயே டோக்பேக்கைப் போட்டு, வட்ஸ்அப்பைத் திறந்து, பாவிக்கப்போகிறவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

ஓ.டி.பி. கேள்விக்குப் போன் தரும் விடை திருப்தியானது. ஒரு காதில் இயர்போன், டோக்பேக் பட்டியலில் திரையை மறைக்கும் தெரிவு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் கறுப்புத் திரைதான் தெரியும். எழுதவும் பெரிய கஷ்டமில்லை. ஜிபோர்ட் விசைப்பலகையில் குரலால் தமிழ் எழுதலாம், அதில் இலங்கைத் தமிழ் என்று தனியாகவே ஒரு தெரிவு உண்டு. என்றாலும் வீட்டில் கதைக்கிற கதைக்கு அது தடுமாறும். கொஞ்சம் எழுத்துத் தமிழ்ப் பாங்கில், ஆறுதலாகச் சொன்னால் பிழை குறையும். படுக்கையில் இருக்கும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கும் இந்தக் குரல் எழுத்தும், கட்டிலில் பூட்டுகிற ஒரு போன் தாங்கியும் சேர்ந்தால் ஊரோடு ஒட்டிக்கொள்ளலாம். அந்தத் தாங்கிக்கு ஆகிற காசு போன் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் எந்த விலைப்பட்டியலிலும் அது இருப்பதில்லை.

குறைகளும் உண்டு. சில வங்கிச் செயலிகளில் பொத்தான்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருப்பார்கள். டோக்பேக் "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும். சிலவற்றுக்கு நாமே பெயர் இட்டு வைக்கலாம், அதைப் பழக்குகிறவர் செய்து கொடுக்க வேண்டும். படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்கிற இடங்களில் கண் தெரியாதவர் நின்றுவிடுவார். நீண்ட கடிதம், பரீட்சைக் கட்டுரை போன்றவற்றைப் போனில் எழுதித் திருத்துவது சலிப்பான வேலை.

ஐஃபோனைப் பற்றிக் கேட்பீர்கள், ஏனென்றால் கனடாவிலிருந்து யாரோ ஒருவர் பழையது ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருப்பார். வொய்ஸ்ஓவர் நல்ல சாமான். என் அபிப்பிராயத்தில் டோக்பேக்கைவிட ஒழுங்கானது. ஆனால் அதில் தமிழ்க் குரல் ஐ.ஓ.எஸ். 16இல்தான் வந்தது, அந்தப் பதிப்பு ஐஃபோன் 8க்கு முந்தியவற்றில் ஏறாது. ஐஃபோன் 6, 7 என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். புதியதாக இருந்தாலும், ஊரில் மற்ற எல்லாரும் டோக்பேக் பாவிக்கும்போது ஒருவருக்கு மட்டும் ஐஃபோன் கொடுத்தால் சந்தேகம் கேட்க அவருக்குப் பக்கத்தில் ஆள் இருக்காது.

லப்டொப்

உயர்தரம் படிக்கிற, பல்கலைக்கழகம் போகிற, அலுவலக வேலை தேடுகிற ஒருவருக்குப் போன் போதாது. அங்கே லப்டொப்தான். அதில் இரண்டு திரைவாசிப்பான்களின் பெயர் அடிபடும். ஜோஸ் பழையது, நிறைய வசதி உள்ளது, விலை கூடியது. காசு கட்டாமல் ஓட்டினால் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை மறுபடி தொடக்க வேண்டும். என்.வி.டி.ஏ. இலவசம். அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற கண் தெரியாத இளைஞர் 2006இல் தொடங்கியது. பிறகு அவரைப்போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். விலை கட்ட முடியாததால் ஒருவர் கணினியில் இருந்து ஒதுங்கக்கூடாது என்பதுதான் அவர்களின் எண்ணம். உலகம் முழுக்க அது ஓடுகிறது. எங்கள் சங்கங்களுக்கு ஜோஸ் வாங்கிக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

என்.வி.டி.ஏ.யோடு வருகிற ஈஸ்பீக் தமிழ் வாசிக்கும். இயந்திரக் குரல், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் குழம்பாது. குரல் இனிமையாக வேண்டுமென்றால் விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது, அதையும் இணைக்கலாம். புதிதாகப் பழகுகிறவர் வள்ளுவரில் தொடங்கி, கை வேகம் வந்தபின் ஈஸ்பீக்குக்கு மாறுவது நல்லது.

லப்டொப் வாங்க வழியில்லாதவருக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. என்.வி.டி.ஏ.யை ஒரு பென்ட்ரைவில் ஏற்றிவைத்து, எந்தக் கணினியிலும் நிறுவாமலே ஓட்டலாம். கொமினிகேசன் கடைக்கோ பாடசாலைக் கணினி அறைக்கோ போய், பென்ட்ரைவைச் செருகி, இயர்போனைக் குத்தினால் அந்தக் கணினி பேசத் தொடங்கிவிடும். ஏற்கெனவே ஊரில் கிடக்கும் கணினிகளையே பாவிக்கலாம் என்னும்போது சங்கத்துக்கென்று புதிதாக ஐந்து எதற்கு? கடைக்காரர் வைரஸ் பயத்தில் முகத்தைச் சுளிக்கலாம், ஒரு தரம் விளங்கப்படுத்தி வைத்துவிட வேண்டும்.

ஓர் இடத்தில் லப்டொப் போனை நேராகவே வெல்கிறது, அது வன்னிக்கு மிக நெருக்கமான இடம். மிதிவெடியும் கிளஸ்டர் குண்டும் கண்ணை மட்டும் எடுப்பதில்லை, கைகளையும் சேர்த்து எடுக்கும். கிண்டிக் கையில் எடுத்துப் பார்த்த பொருள் வெடித்தவர்களுக்கு அநேகமாக இரண்டும் போயிருக்கும். விரல் இல்லாத ஒருவருக்குத் தொடுதிரையைத் தள்ளு, இரண்டு தட்டுத் தட்டு என்று சொல்வது பகிடி மாதிரி. ஆனால் மணிக்கட்டு முனையால் பெரிய விசைகள் உள்ள விசைப்பலகையை அமர்த்தலாம். விண்டோஸில் ஷிப்டை ஐந்து தரம் தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும், அதன்பின் இரண்டு மூன்று விசைகளை ஒரேநேரத்தில் பிடிக்கத் தேவையில்லை, ஒன்றன்பின் ஒன்றாக அமர்த்தினாலே போதும். அப்படியானவருக்கு லப்டொப்போடு தனியாக ஒரு பெரிய விசைப்பலகை. லப்டொப்புக்குக் காசு இல்லையென்றால் போனோடு புளூடூத் விசைப்பலகை. டோக்பேக்கை விசைகளாலும் இயக்கலாம். இவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனாலேயே பொதுவாக வாங்குகிற எந்தப் பட்டியலிலும் இவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

காது கேளாதவர்கள்

"காது கேளாதவருக்கு மெசேஜ் அனுப்பலாம்தானே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள். செல் சத்தத்திலோ வயதிலோ கேட்கும் சக்தி போனவர் நன்றாகத் தமிழ் வாசிப்பார். அவருக்கு 2019இல் கூகுள் வெளியிட்ட லைவ் ட்ரான்ஸ்கிரைப் பெரிய உதவி: எதிரில் இருப்பவர் பேசப் பேசத் திரையில் எழுத்தாக வரும், தமிழிலும் வரும். கிளினிக்கில் டொக்டருக்கு முன்னால் போனை வைத்தால் பாதிக்கு மேல் பிடித்துவிடலாம். டேட்டா தேவை.

பிறவியிலேயே கேளாமல், போரும் இடப்பெயர்வுமாகப் பள்ளிக்கூடமே காணாதவர் வேறு. அவருக்கு எழுத்தும் ஒரு வேற்று மொழி. அவருக்கு வேண்டியது சைகையில் பேச வீடியோ அழைப்பு, அதற்குத் தாங்கக்கூடிய டேட்டா, அடுத்த முனையில் சைகை தெரிந்த ஒருவர். இவருக்குப் பேசுகிற போனும் எழுதுகிற போனும் ஒன்றுதான், முன் கமெரா மட்டும்தான் கணக்கு.

எந்தக் கருவியும் தீர்க்காதது

இவ்வளவும் வாங்கி முடித்தபிறகு, ஒரு நாள் வட்ஸ்அப்பில் ஏதோ ஓர் அலுவலகத்தின் அறிவித்தல் வரும். டோக்பேக் அதைத் தொட்டு "படம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். வாழ்வாதார உதவிக்கு விண்ணப்ப முடிவுத் திகதி அந்தப் படத்துக்குள் கிடக்கிறது. வன்னியில் அநேகமான அறிவித்தல்கள் இப்படித்தான் சுற்றுகின்றன: தாளில் அச்சடித்து, கையொப்பமும் முத்திரையும் வைத்து, சரிவாகப் படம் எடுத்து, பத்துக் குழுக்களுக்கு அனுப்புவது. மரண அறிவித்தலும் படம்தான். கூகுள் லென்ஸ் அச்சுத் தமிழை ஓரளவு வாசிக்கும். முத்திரை விழுந்த இடத்திலும் கை எழுத்திலும் தவறும்.

அலுவலகம் மனம் வைத்து மூலக் கோப்பையே அனுப்பினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பாமினி என்ற பழைய எழுத்துரு. எங்கள் பக்கத்து அலுவலகங்களில் தட்டச்சுக் கை பாமினியில் பழகியது. பாமினியில் எழுதிய தமிழ் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்குள்ளே அது ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே ஜே, கே, பி, ஓ, அதற்குப் பிறகு ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். இரண்டு பக்கச் சுற்றறிக்கையை அது அப்படி வாசிக்கக் கேட்டால் யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுக்கமாட்டார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 லதா என்ற யுனிகோட் தமிழ் எழுத்துருவோடு வந்தது. அன்று பிறந்த பிள்ளை இன்று அலுவலகத்தில் வேலை செய்கிறது, பாமினி மட்டும் அசையவில்லை.

இதைத் தீர்க்க ஆறு இலட்சத்தில் ஒரு ரூபாயும் தேவையில்லை. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசை அமைப்பிலேயே யுனிகோட் எழுதலாம், தட்டச்சு செய்பவர் புதிதாகக் கை பழகத் தேவையில்லை. பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் மாற்றிகள் நிறைய உண்டு. படமாக அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால் அதற்குக் கீழே நாலு வரி: என்ன உதவி, யாருக்கு, கடைசித் திகதி, எங்கே. பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பிரதேச சபைச் செயலாளரிடமும் சங்கம் இதைக் கடிதமாகக் கொடுக்கலாம். சலுகை கேட்கிற கடிதமாக அதை எழுத வேண்டாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலது குறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆவது உறுப்புரை கட்டடத்தையும் போக்குவரத்தையும் சொல்கிற அதே மூச்சில் தகவலையும் தொடர்பாடலையும் சொல்கிறது. அலுவலக வாசலுக்குச் சரிவுப் பாதை போட்டாயிற்று, அந்தச் சரிவில் ஏறி வருகிறவர் வாசிக்க ஒரு கோப்பு வேண்டும் என்று எழுதினால் விளங்கும்.

ஆளை வைப்பது

நாலாவது வழியை நான் அடியோடு தள்ளவில்லை. அவர் செய்கிற வேலையை மாற்றச் சொல்கிறேன். படிவத்தை நிரப்பிக் கொடுக்கிற ஆள் வேண்டாம். நிரப்பப் பழக்குகிற ஆள் வேண்டும். வீடு வீடாகப் போகக்கூடியவர், கிழமைக்கு ஒரு தரமாவது அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறவர். போனைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போனால், மூன்றாம் மாதம் அந்தப் போனில் பேரப்பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்.

கண் தெரியாதவருக்குக் கண் தெரியாதவரே பழக்குவதுதான் நல்லது. பார்வை உள்ளவர் "அந்த நீலப் பொத்தானை அமத்துங்கோ அக்கா" என்பார், அல்லது பொறுமை கெட்டுத் தானே அமத்திவிடுவார். டோக்பேக்கிலேயே வாழ்கிறவர் "வலப்பக்கம் மூன்று தரம் தள்ளுங்கோ" என்று சொல்வார். வன்னியில் அப்படி ஆள் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் விசாரிக்கலாம். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற சுன்னாகம் வாழ்வகத்திலும் கைதடி நவீல்ட் பாடசாலையிலும் இருந்து வந்தவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். அவருக்குப் போக்குவரத்துச் செலவோடு மாதக் கொடுப்பனவு கட்டாயம் கொடுக்க வேண்டும். "சேவை மனப்பான்மையோடு" செய்யச் சொல்லி மாற்றுத்திறனாளிகளிடமே கேட்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை, பிரதம விருந்தினரின் வாகனத்துக்கு எண்ணெய்க் காசு கொடுக்கிறோம்தானே.

ஆறு இலட்சத்தைப் பிரித்தால்

ஒரு போன் 45,000 ரூபாய் என்று வைத்தால் ஏழு போனுக்கு 3,15,000. லப்டொப் ஒன்று, நல்ல நிலையில் உள்ள பாவித்ததாகப் பார்த்தால், 90,000 அளவில்; விண்டோஸ் 11 ஓடவேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. பழக்குகிறவருக்கு மாதம் 25,000 வீதம் ஆறு மாதத்துக்கு 1,50,000. மிச்சம் 45,000: இயர்போன், போன் தாங்கி, பெரிய விசைப்பலகை ஒன்று, பென்ட்ரைவ்கள், முதல் மூன்று மாத றீலோட். விலைகள் மாறும், விகிதத்தை மாற்றாதீர்கள். காசு குறைந்தால் போனில் ஒன்றைக் குறையுங்கள், பழக்குகிறவரின் மாதத்தைக் குறைக்க வேண்டாம்.

முப்பது பேரில் ஏழு பேருக்குத்தானா என்று கூட்டத்தில் சத்தம் வரும். நியாயமான கேள்வி. நிறையப் பேரிடம் ஏற்கெனவே ஏதோ ஓர் அன்ட்ரொய்ட் போன் இருக்கும், அவர்களுக்குத் தேவை பழக்குகிறவர் மட்டும். சர்க்கரை வருத்தத்தால் பார்வை மங்கிய ஐயாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, திரையைக் கறுப்பாக்கி, உருப்பெருக்கத்தைப் போட்டுக் கொடுத்தாலே அவர் பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிடுவார். ஒற்றைக் கை உள்ளவருக்கு ஒருகைப் பயன்பாட்டு அமைப்பு. பொத்தான் போனே போதும் என்று சொல்கிற அம்மாவை விட்டுவிடுங்கள், அவவின் விருப்பம். ஆகவே முதலில் ஒரு கிழமை எடுத்து யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஏழு போன் அதற்குப் பிறகு யாருக்கு என்பது தானாகவே தெரியும்: தனியாக இருப்பவர், கொடுப்பனவு தன் பெயரில் வருகிறவர், வீட்டில் வேறு ஸ்மார்ட் போன் இல்லாதவர்.

என் கணக்கு புரளக்கூடிய இடம் ஒன்றுண்டு. உங்கள் சங்கம் விடுதியோடு நடக்கிற பிள்ளைகளின் இல்லமாக இருந்தால், அல்லது சாதாரணதரம், உயர்தரம் எடுக்கிற பார்வையற்ற பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே இடத்தில் இருந்தால், கணினி அறை சரியான முடிவு. தூரம் இல்லை, பஸ் இல்லை, திறப்பு உள்ளேயே இருக்கிறது. அப்போதும் ஐந்து புதுக் கணினிக்குப் பதில் மூன்று வாங்கி, மிச்சக் காசில் பழக்குகிறவரை ஒரு வருடத்துக்கு வையுங்கள்.

நாடா வெட்டுவதைப் பற்றி ஒரு யோசனை. போன் கொடுக்கிற அன்றைக்கு விழா வைக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து வையுங்கள். காசு கொடுத்தவர்களுக்கு நன்றிச் செய்தியை அந்த ஏழு பேரும் தாங்களே எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பட்டும், எழுத்துப் பிழையோடு இருந்தாலும் யாரும் திருத்த வேண்டாம். வராத செய்தி எது என்று பார்த்து, பழக்குகிறவரை அந்த வீட்டுக்கு மறுபடி அனுப்பலாம்.